‘வரவில்லை’ என்று எழுதுவதற்கு முன்: தென்னாப்பிரிக்காவில் புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அந்த ஆயாவின் (இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஃபைலில் மூன்று இடத்தில் ‘வரவில்லை’ என்று இருந்தது. மார்பில் கட்டி, அதிலிருந்து சதை எடுத்துச் சோதிக்கிற பயாப்சிக்கு மூன்று தடவை தேதி கொடுத்தும் ஆள் வரவில்லை. நாலாவது தேதியில் அவர் என் எதிரே வந்து உட்கார்ந்தபோது கட்டி தோலைப் பிளந்து புண்ணாகியிருந்தது. “ஏன் ஆயா, இத்தனை நாள் வரவே இல்லை?” என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். பாதி ஆங்கிலம், பாதி பழைய தமிழில் பதில் வந்தது: “மூணு தடவையும் வந்தேனே கண்ணு.”

விசாரித்தால், அவர் சொன்னது உண்மை. கிளினிக் கொடுத்த கடிதத்தில் முத்திரை சரியாக விழவில்லை என்று பதிவு மேசையிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் ஃபைலை யாரும் எடுக்கவே இல்லை. எடுக்காத ஃபைலில் சாயங்காலம் யாரோ ‘வரவில்லை’ என்று எழுதிவிட்டார்கள். அந்தக் கையெழுத்தில் ஒன்று என்னுடையது.

நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, டர்பனில் புற்றுநோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இங்கே வந்து வேலை பார்க்கும் டாக்டர்கள், நர்ஸ்கள், ரேடியேஷன் பிரிவினர், மருந்தாளுநர்கள், சமூக சேவகர்கள், அப்புறம் இங்கேயே பிறந்து தமிழ் படிக்கத் தெரிந்த நம்மவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு வார்டில், ஒரு கிளினிக்கில் உட்கார்ந்துகொண்டே செய்யக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி

தென்னாப்பிரிக்காவில் மெடிக்கல் எய்ட், அதாவது தனியார் மருத்துவக் காப்பீடு, வைத்திருப்பவர்கள் சுமார் 16 சதவீதம்தான். அதையும் இனவாரியாகப் பிரித்தால், வெள்ளையரில் நாலில் மூன்று பேரிடம் இருக்கிறது, இந்தியரில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம், கறுப்பினத்தவரில் பத்தில் ஒருவரிடம். மீதி எல்லோருக்கும் அரசு மருத்துவமனைதான். 1950-இல் வந்த குழுப் பகுதிச் சட்டம் யார் எங்கே குடியிருக்க வேண்டும் என்று நிறம் பார்த்துப் பிரித்தது. டர்பனில் இந்தியரைச் சாட்ஸ்வொர்த்துக்கும், கறுப்பினத்தவரை உம்லாஸிக்கும் தள்ளினார்கள். நிறவெறி ஆட்சி போய் முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டாலும் வீடுகள் அதே இடத்தில்தான் இருக்கின்றன, மருத்துவமனைக்குப் போகிற தூரமும் அப்படியே.

2017-இல் தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையம், டர்பன் இருக்கிற குவாஸுலு-நட்டால் மாகாணத்தில் புற்றுநோயாளிகளின் உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. ஆடிங்டன், இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி ஆகிய இரு மருத்துவமனைகளில் இயந்திரப் பற்றாக்குறையையும் நிபுணர் பற்றாக்குறையையும் அதில் எழுத்திலேயே வைத்தது. 2025 மார்ச்சில் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் கவ்டெங் மாகாணச் சுகாதாரத் துறையைப் பார்த்து, ரேடியேஷனுக்குக் காத்திருப்பவர்களுக்குச் சிகிச்சை தராமல் விட்டது சட்டவிரோதம் என்றது. சிகிச்சைக்குத் தேங்கிக் கிடந்த வரிசையைக் குறைக்க 2023-இல் ஒதுக்கிய 784 மில்லியன் ராண்ட் இருந்தும் ஆட்கள் காத்துக்கிடந்தார்கள்.

நானும் நீங்களும் இயந்திரம் வாங்கப்போவதில்லை. ஆனால் நோயாளிக்கும் இயந்திரத்துக்கும் நடுவே கிடக்கிற நாட்களில் பல நம் மேசையில்தான் கிடக்கின்றன.

படி 1: இருபது ஃபைல், ஐந்து தேதி

கடைசியாகச் சிகிச்சை தொடங்கிய இருபது பேரின் ஃபைலை எடுங்கள். பொறுக்கி எடுக்காதீர்கள், வரிசையாக எடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து தேதி எழுதுங்கள்: முதலில் கட்டியோ ரத்தமோ வலியோ கவனித்த நாள், முதல் தடவை கிளினிக் போன நாள், பயாப்சி எடுத்த நாள், முடிவை நோயாளியிடம் சொன்ன நாள், சிகிச்சை தொடங்கிய நாள்.

நாலாவது தேதியில் ஏமாந்துவிடாதீர்கள். ஆய்வகம் முடிவு அனுப்பிய நாள் வேறு, அதை நோயாளி காதில் போட்ட நாள் வேறு. என் முதல் இருபது ஃபைலில் மிக நீளமான இடைவெளி அங்கேதான் இருந்தது. ரிப்போர்ட் கணினியில் வந்து கிடக்கும். நோயாளிக்குக் கொடுத்த மறு தேதி ஆறு வாரம் கழித்து இருக்கும்.

பக்கத்தில் இன்னும் சில கட்டங்கள் போடுங்கள்: எந்த ஊர், எதில் வருகிறார், வீட்டில் என்ன மொழி, மெடிக்கல் எய்டா அரசா, தினக்கூலியா மாதச் சம்பளமா. பெயரும் அடையாள எண்ணும் வேண்டாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. தாளை வாட்ஸ்அப்பில் படம்பிடித்து அனுப்புகிற பழக்கமும் வேண்டாம்.

சராசரி போடாதீர்கள். மிக நீளமாக இழுத்த மூன்று பேரைப் பாருங்கள். அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், என்ன மொழி பேசுகிறார்கள் என்பதிலேயே பாதிக் கதை வந்துவிடும்.

அளவுகோல் வேண்டுமென்றால், மார்பகப் புற்றுநோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வைத்த இலக்கு இருக்கிறது. முதலில் காட்டியதிலிருந்து 60 நாளுக்குள் நோய் கண்டறிந்துவிட வேண்டும் என்பது அது. நாள் ஏன் முக்கியம் என்று மேலதிகாரி கேட்டால், 2020-இல் ஏழு வகைப் புற்றுநோயை வைத்துச் செய்த பெரிய ஆய்வைச் சொல்லுங்கள். சிகிச்சை தொடங்க ஒவ்வொரு நாலு வாரம் தள்ளிப்போகும்போதும் இறப்பு வாய்ப்பு சுமார் 6 முதல் 13 சதவீதம் வரை கூடுகிறது என்று அது காட்டியது.

படி 2: ‘வரவில்லை’ என்பதை ஒரு வாரத்துக்குத் தடை செய்யுங்கள்

அந்தச் சொல்லுக்குப் பதிலாகக் காரணம் எழுத வேண்டும் என்று ஒரு வாரம் மட்டும் விதி வையுங்கள். காரணம் தெரியாவிட்டால் ஃபோன் செய்ய வேண்டும். ஃபோன் எடுக்கவில்லையா? அந்த எண் யாருடையது என்று பாருங்கள். எங்கள் பிரிவில் பல எண்கள் பேரனுடையவை, அல்லது பக்கத்து வீட்டாருடையவை. இப்போது பதிவிலேயே இரண்டு எண் வாங்குகிறோம். இரண்டாவது யாருடையது, அவரிடம் எவ்வளவு சொல்லலாம் என்றும் எழுதிவைக்கிறோம்.

அப்புறம் ஒரு நாள் லீவு போட்டு, உங்கள் நோயாளி வருகிற வழியில் நீங்களே வாருங்கள். காரில் அல்ல, டாக்சியில். இங்கே டாக்சி என்றால் பதினைந்து பேர் நெருக்கி உட்காரும் வேன், ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். ஆறு மணிக்கு ஸ்டாண்டில் நின்றவர் பத்து மணிக்கு உங்கள் மேசைக்கு வந்தால் அது சோம்பேறித்தனம் இல்லை. மொசாம்பிக் எல்லையோரம் மங்குசிப் பக்கத்திலிருந்து டர்பனுக்கு ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர். அங்கிருந்து நோயாளிகளை ஏற்றிவரும் மருத்துவமனை வண்டி நடு இரவில் கிளம்புகிறது. அந்த வண்டி திரும்பக் கிளம்புகிற நேரம் தெரியாமல் அவருக்கு மாலை நாலு மணிக்கு ஸ்கேன் போடுகிறவர், அவருக்கு ஒரு ராத்திரி தரையில் படுக்கை போடுகிறார்.

தூரத்திலிருந்து வருபவருக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், டாக்டர் எல்லாம் ஒரே நாளில் வருகிறபடி தேதி போடுவது கிளார்க்கோடு பேசி முடிக்கிற விஷயம். தலைமையகத்து உத்தரவு தேவையில்லை. சோவெட்டோவில் கிறிஸ் ஹானி பாரக்வனாத் மருத்துவமனையில் செய்த ஆய்வொன்றில், 20 கிலோமீட்டருக்கு அப்பால் குடியிருந்த பெண்கள் முற்றிய நிலையில் வருவது அதிகம் என்று தெரிந்தது. வெறும் இருபது கிலோமீட்டர்!

படி 3: அனுப்புகிற கடிதம்

சுருக்கமாகச் சொல்கிறேன். கிளினிக்கிலிருந்து வரும் கடிதத்தில் ‘மார்பில் கட்டி, பார்த்து ஆவன செய்யவும்’ என்று ஒரே வரி இருந்தால், பெரிய மருத்துவமனையில் அது சாதாரண வரிசையில் போய் உட்காரும். எத்தனை சென்டிமீட்டர், எத்தனை நாளாக, தோல் இழுத்திருக்கிறதா, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா, காம்பில் ரத்தமா என்று எழுதினால் அவசர வரிசைக்குப் போகும். ஒரு பக்கத்தில் டிக் போடுகிற மாதிரி ஒரு தாளைத் தயாரித்து, உங்களுக்கு ஆள் அனுப்புகிற கிளினிக்குகளுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். மெயிலில் அனுப்பினால் யாரும் பிரிண்ட் எடுப்பதில்லை. முத்திரை மங்கலாக விழுந்தால் யாரிடம் ஃபோன் போட்டுக் கேட்க வேண்டும் என்பதையும் பதிவு மேசையில் ஒட்டிவையுங்கள். அந்த ஆயாவுக்கு அது ஒன்று போதுமாயிருந்தது.

படி 4: மொழி, அதைவிட முக்கியமாக யார் வாயிலிருந்து

ஸுலு பேசுகிற நோயாளி, ஆங்கிலம் பேசுகிற டாக்டர், நடுவில் தரை துடைக்க வந்த அம்மா. இதுதான் பல இடங்களில் மொழிபெயர்ப்பு ஏற்பாடு. அந்த அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த வார்த்தையில் சொல்கிறார். புற்றுநோய்க்கு ஸுலுவில் ‘உம்ட்லவுஸா’ என்பார்கள். அந்தச் சொல் ஒருவர் காதில் விழுந்தபின், அடுத்து நீங்கள் சொல்கிற எதுவும் உள்ளே போகாது. அதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். தண்ணீர் கொடுங்கள். மீதியைப் பத்து நிமிஷம் கழித்துச் சொல்லலாம்.

‘குபுஹ்லுங்கு குபி?’ என்றால் எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். இந்த அளவு ஸுலுவைக்கூடக் கற்றுக்கொள்ளாமல் பத்து வருஷம் இங்கே வேலை பார்த்த நம் ஊர் டாக்டர்கள் எனக்குத் தெரியும். நானும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

நம்மவர் வீடுகளில் பிரச்சினை வேறு மாதிரி. இங்கே தமிழ்க் குடும்பங்களில் வீட்டுப் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம். 1860-இல் ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களின் நாலாம், ஐந்தாம் தலைமுறை. தமிழ் கோயில் பாட்டிலும், ஆயா, தாத்தா, பெரியம்மா என்று கூப்பிடுவதிலும் நிற்கிறது. அதனால் மொழி தடையில்லை என்று நினைப்பீர்கள். தடை மகள்தான். “சிஸ்டர், ஆயாவுக்கு மட்டும் சொல்லிடாதீங்க, தாங்கமாட்டாங்க” என்று வாசலிலேயே மடக்குவார். ஆயாவோ உள்ளே என்னிடம், “எனக்கு என்னன்னு தெரியும். மகளுக்குத்தான் தெரியாதுன்னு நெனைக்கிறேன்” என்பார். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டே கீமோ ஒப்புதல் ஒரு மாதம் தள்ளிப்போகும்.

நான் இப்போது முதல் சந்திப்பிலேயே, முடிவு எதுவும் வருவதற்கு முன்பே, நோயாளியிடம் தனியாகக் கேட்டுவிடுகிறேன்: “உங்க உடம்பைப் பத்தி எல்லாம் உங்ககிட்டயே சொல்லணுமா? வேற யார்கிட்ட சொல்லலாம்?” பதிலை அவர் வார்த்தையிலேயே ஃபைலில் எழுதிவைக்கிறேன். மகள் மடக்கும்போது காட்ட ஒரு தாள் இருக்கிறது.

‘புரிந்ததா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். உலகத்தில் எந்த நோயாளியும் டாக்டரிடம் ‘புரியவில்லை’ என்று சொல்வதில்லை. “வீட்டுக்குப் போனதும் மகன் கேட்டால் என்ன சொல்வீங்க?” என்று கேளுங்கள். ஒருவர், “நெஞ்சுல கரண்டு வைப்பாங்க, முடி கொட்டும், அப்புறம் யாரும் என் பக்கத்துல வரக்கூடாது” என்றார். வெளியிலிருந்து கொடுக்கிற ரேடியேஷனுக்குப் பிறகு பேரனைத் தூக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பேரனைத் தூக்க முடியாது என்பதற்காகவே அவர் சிகிச்சை வேண்டாம் என்று இருந்திருக்கிறார்.

படி 5: நிறத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ரேடியேஷன் வைத்த இடத்தில் தோல் வெந்திருக்கிறதா என்று பார்க்க நாம் படித்த அளவுகோல் சிவப்பை வைத்து எழுதப்பட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. கருநீலமாக, சாம்பல் படிந்த மாதிரி, சில சமயம் பளபளப்பாக மாறும். ஃபைலில் ‘தோல் மாற்றம் இல்லை’ என்று எழுதியிருப்பார்கள். நோயாளி ராத்திரி ஈரத்துணி போட்டுக்கொண்டு படுத்திருப்பார். கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல், புறங்கையால் தொட்டுச் சூடு பாருங்கள், எரிகிறதா, ரவிக்கை உரசினால் வலிக்கிறதா என்று கேளுங்கள், மறுபக்கத்துத் தோலோடு ஒப்பிடுங்கள். விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவியும் கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். கருவி 94 காட்டியது என்று சும்மா இருக்காதீர்கள். மூச்சு வாங்குகிறாரா என்று பாருங்கள்.

அடுத்தது வாய். டர்பன் இந்தியர்களிடம் வெற்றிலை பாக்கினால் வருகிற வாய்நோய்கள் பல பத்தாண்டுகளாகவே ஆய்வில் பதிவாகியிருக்கின்றன. இங்கே அது பெண்களிடம், குறிப்பாக வயதான பெண்களிடம், அதிகம். பாக்கு மட்டுமே, புகையிலை சேராமலேயே, புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்திவிட்டது. ஆனால் நம் படிவத்தில் ‘புகைபிடிப்பீர்களா, குடிப்பீர்களா’ என்று இரண்டே கேள்வி. ஆயா இரண்டுக்கும் இல்லை என்பார், உண்மையாகவே. “சாப்பாட்டுக்கப்புறம் வெத்தலை போடுவீங்களா ஆயா? ராத்திரி கன்னத்துல அடக்கிட்டுத் தூங்குவீங்களா?” என்று கேட்டால் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார். வாயைத் திறக்கச் சொல்லுங்கள். அவருடைய மூன்று விரலை நிமிர்த்தி நுழைக்க முடியவில்லை என்றால், கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து நார் நாராகத் தட்டுப்பட்டால், அன்றைக்கே பல் மருத்துவருக்கோ வாய் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கோ கடிதம் எழுதுங்கள். காரம் தாங்கவில்லை, ரசம்கூட எரிகிறது என்பது பல பேருக்கு முதல் அறிகுறி. இதைப் பாக்கு விற்கிற கடைக்காரரிடம் சொன்னால்கூட நாலு பேர் வருவார்கள்.

படி 6: பரிசோதனைக்கு ஆட்கள் வரும் வரை காத்திருக்காதீர்கள்

கருப்பைவாய்ப் புற்றுநோய் இந்த நாட்டில் கறுப்பினப் பெண்களை அதிகம் தாக்குகிறது. மார்பகப் புற்றுநோய் விகிதம் வெள்ளையரிடமும் இந்தியரிடமும் கூடுதல். இந்தக் கணக்கே ஒரு பொறி. இந்தியப் பெண்ணுக்குக் கருப்பைவாயைச் சோதிக்கிற பேப் ஸ்மியர் சொல்லாமல் விடுவார்கள், கறுப்பினப் பெண்ணின் மார்பைத் தொட்டுப் பார்க்காமல் விடுவார்கள். அரசுக் கொள்கைப்படி 30 வயதிலிருந்து பத்து வருஷத்துக்கு ஒன்றாக மூன்று பேப் ஸ்மியர் இலவசம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அது தெரிந்த உடனேயும், சரியாக இருந்தால் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவையும். பள்ளியில் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற எச்.பி.வி. தடுப்பூசி 2014-இலிருந்து போடுகிறார்கள். ஒப்புதல் படிவம் புத்தகப்பையின் அடியிலேயே கிடக்கும், அம்மாக்களிடம் கேளுங்கள்.

நம்மவர்கள் கூடுகிற இடம் உங்களுக்கே தெரியும். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற இடம், ஈஸ்டர் நாட்களில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில், காவடி. மேடையில் ஏறிச் சொற்பொழிவு வேண்டாம். கூழ் வாங்க வரிசையில் நிற்கிற பெண்களோடு நில்லுங்கள், வரிசை நகர நகரப் பேசுங்கள். நான் கவனித்தது ஒன்று: அவர்கள் வராததற்குப் பயம் இரண்டாவது காரணம்தான். முதல் காரணம், கிளினிக்கில் இருக்கிற நர்ஸ் அதே தெருக்காரர். பக்கத்துப் பகுதிக் கிளினிக்கிலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னதும் முகம் மாறும்.

இங்கே கசப்பான ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘இவங்க எப்பவும் முத்தின பிறகுதான் வருவாங்க’ என்று கறுப்பின நோயாளிகளைப் பற்றி நம் தேநீர் மேசையில் பேசுவது சகஜம். 2021 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸ் பக்கம் இந்தியருக்கும் கறுப்பினத்தவருக்கும் நடுவே விழுந்த கசப்பு மருத்துவமனை வாசலோடு நின்றுவிடவில்லை. உங்கள் இருபது ஃபைலில், கிளினிக்குக்கு வந்த நாளிலிருந்து மட்டும் எண்ணிப் பாருங்கள். தாமதம் அவர்கள் வீட்டில் நடந்ததா, நம் கட்டிடத்தில் நடந்ததா என்று தெரியும்.

படி 7: காசு

அரசு மருத்துவமனையில் வருமானம் பார்த்துத்தான் கட்டணம். அரசு உதவித்தொகை வாங்குபவர்களுக்கு இலவசம், ஆனால் அட்டையைக் காட்டினால்தான். காட்டத் தெரியாமல் பில்லுக்குப் பயந்து நின்றுவிட்டவர்கள் உண்டு. தேதிச் சீட்டிலேயே ‘உதவித்தொகை அட்டை கொண்டுவரவும்’ என்று எழுதுங்கள்.

வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு ஊனமுற்றோர் உதவித்தொகை 18 முதல் 59 வயது வரை. ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது என்று மருத்துவ அறிக்கை வேண்டும், அது மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். டாக்டர் படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு நாலு மாதம் கழித்துக் கையெழுத்துப் போட்டால், நோயாளி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதற்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

மெடிக்கல் எய்ட் இருப்பவர்கள் தப்பித்துவிட்டார்கள் என்றும் நினைக்காதீர்கள். மலிவான திட்டம் வைத்திருக்கும் ஓட்டுநர், கடைப் பணியாளர், ‘உங்கள் திட்டத்தில் கேன்சர் இல்லை’ என்று ஃபோனில் கேட்டுவிட்டு வந்து அழுவார். 1998-ஆம் ஆண்டு மெடிக்கல் ஸ்கீம்கள் சட்டப்படி, குணப்படுத்தக்கூடிய உறுப்புப் புற்றுநோய்கள் எல்லாத் திட்டமும் கட்டாயம் ஏற்க வேண்டிய குறைந்தபட்சப் பலன்களுக்குள் வருகின்றன. டாக்டர் சரியான நோய்க்குறியீட்டோடு எழுதி, மறுப்பை எழுத்தில் கேட்க வேண்டும். அப்புறமும் மறுத்தால் மெடிக்கல் ஸ்கீம்கள் கவுன்சிலில் புகார் செய்யலாம்.

படி 8: வலி

வாயில் ஊற்றுகிற மார்ஃபின் மலிவானது, அரசிலும் கிடைக்கும். கடும் கட்டுப்பாடுள்ள ‘அட்டவணை 6’ மருந்து என்பதால் ஒரு சீட்டுக்கு முப்பது நாளுக்குத்தான் கொடுப்பார்கள், அதே சீட்டில் மறுபடி வாங்க முடியாது. நானூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் மாதாமாதம் அதற்காக டர்பன் வர வேண்டியதில்லை. அவர் ஊர் மருத்துவமனை டாக்டருக்கு ஃபோன் செய்து, அளவைச் சொல்லி, பொறுப்பை ஒப்படையுங்கள். மார்ஃபின் கொடுத்தால் சாவு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை என்பதை வீட்டாரிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். மலச்சிக்கலுக்கு மருந்து சேர்த்து எழுதாவிட்டால் பாட்டில் ஒரு வாரத்தில் அலமாரிக்குப் போய்விடும்.

படி 9: மறுபடி எண்ணுங்கள்

எல்லா இடைவெளியையும் ஒரே சமயத்தில் அடைக்கப் பார்க்காதீர்கள். நான் அப்படித் தொடங்கி இரண்டே மாதத்தில் சோர்ந்துபோனேன். ஒன்றை எடுங்கள். நாங்கள் எடுத்தது அந்த நாலாவது தேதி. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஒரு நர்ஸ் கணினியில் வந்திருக்கும் ரிப்போர்ட்டுகளைப் பார்த்து, புற்றுநோய் என்று வந்தவர்களை அடுத்த வாரமே வரச்சொல்லி ஃபோன் செய்கிறார். முடிவை ஃபோனில் சொல்வதில்லை. அவ்வளவுதான் ஏற்பாடு.

உங்கள் கையில் இல்லாத இடைவெளி, அதாவது இயந்திரம் பழுது, நிபுணர் இல்லை என்றால், அதைத் தேதியோடு எழுதி மேலே அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். ‘ரொம்பத் தாமதமாகிறது’ என்று எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். ‘இருபது பேரில் இத்தனை பேர் இத்தனை நாள் காத்திருக்கிறார்கள்’ என்றால் படிப்பார்கள்.

மூன்று மாதம் கழித்து அடுத்த இருபது ஃபைலை எடுங்கள். அதே ஐந்து தேதி, அதே வரிசை, அதே கட்டங்கள். நான் இரண்டாவது தடவை ‘இது இன்னும் அழகாக இருக்கும்’ என்று கட்டங்களை மாற்றிப் போட்டுவிட்டு, எதையும் எதோடும் ஒப்பிட முடியாமல் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பழைய தாளிலேயே திரும்ப எழுதினேன்.